மண்வெட்டிக்கா, டிபன் கேரியருக்கா உங்கள் ஓட்டு?

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெரிய மனிதர்கள் என் கண்ணெதிரே சண்டை போட்டார்கள்.

"பெட்டிய மாத்திட்டீங்க பாய்."

"நான் மாத்தினனா? சாவி உங்கிட்டதானய்யா இருந்துச்சு."

ஒருவர் நூலகர். இன்னொருவர் புத்தகக் கடைக்காரர். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியாயிற்று. நடுவில் மேஜைமேல் இரண்டு பிஸ்கட் டின்கள். மூடியில் சீட்டு போடும் அளவுக்கு வெட்டிய ஓட்டை. ஆமாம், நீங்கள் நினைப்பது சரிதான் — ஓட்டுப் பெட்டிகள். ஆனால் எம்.எல்.ஏ. தேர்தல் இல்லை. கம்யூன் பஞ்சாயத்துத் தேர்தலும் இல்லை.

நாவல் தேர்தல்.

(வாரம் தவறாமல் இந்தப் பத்தியில் பிழை கண்டுபிடித்து எனக்குப் போஸ்ட் கார்டு போடும் அரியாங்குப்பம் அன்பர், 'கட்டுக்கதை' என்று எழுத இந்நேரம் பேனாவைத் திறந்திருப்பார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, முழுக்கப் படித்துவிட்டு எழுதுங்கள்.)

முதலிலிருந்து சொல்கிறேன்.

புதுச்சேரி டவுனில் ஒரு சின்ன நாவல் பரிசு உண்டு. பிள்ளைகளுக்கான புத்தகங்களுக்கு வேறு பரிசுகள் இருக்கின்றன. இது பெரியவர்கள் படிக்கும் நாவலுக்கு மட்டும். நடுவர்கள் மூன்று பேர். ஒரு ஹோட்டல் மாடியில் உட்கார்ந்து காபி குடித்தபடி முடிவு செய்வார்கள். மறுநாள் பேப்பரில் நாலு வரி வரும். அத்தோடு சரி. பரிசு வாங்கிய நாவலை யாராவது படித்தார்களா? அதை எழுதினவருக்கே தெரியாது.

இந்த வருடக் கமிட்டிக் கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "கடைசி இரண்டு நாவல்களை நடுவர்கள் பொறுக்கட்டும். அந்த இரண்டில் எதற்குப் பரிசு என்பதை வாசகர்கள் சொல்லட்டும். கிராமத்து நூலகங்களிலும் புத்தகக் கடைகளிலும் பெட்டி வைப்போம்" என்றேன்.

கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். பழைய டவுன்காரர். கம்யூன் ஆபீசை இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயரில் 'மேரி' என்றுதான் சொல்வார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படித் துடைத்தால் 'இல்லை' என்று அர்த்தம்.

"அம்மா, மேரி எலெக்‌ஷன் எப்படி நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? தெருவப் பாத்துப் போடுவாங்க. சொந்தக்காரனப் பாத்துப் போடுவாங்க. நாவலப் படிச்சிட்டுப் போடுவாங்கன்னு நம்புறீங்களா?"

"நம்புறேன் ஐயா."

"அப்ப ஒரே ஒரு ஊர்ல வெச்சுப் பாருங்க. ஒவ்வொரு சீட்டுலயும் எதனால புடிச்சுதுன்னு ஒரு வரி எழுதணும். நானே வந்து ஒவ்வொண்ணா பாப்பேன். படிக்காம போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா, அடுத்த வருஷத்துலேருந்து பழையபடி மூணு பேர்தான். அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

சரி என்றேன். கோபத்தில் சொன்ன சரி. அப்படிச் சொல்லும் 'சரி'யில்தான் என் குடும்பமே பாதி நாள் ஓடுகிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன பந்தயம் கட்டியிருக்கிறேன் என்று புரிந்தது. ஒரு நாவலைப் பற்றிக் கிராமத்து வாசகர் சொல்வதைக் கேட்க இனிமேல் ஆள் உண்டா இல்லையா என்பது நான் வைக்கப்போகும் இரண்டு பிஸ்கட் டின்களில் இருந்தது.

பாகூர் கம்யூனில் ஓர் ஊரைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். சொன்னால் இரண்டு கட்சியும் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிடும்.

ஊரின் ஒரு முனையில் ஏரி, அங்கே நூலகம். மறுமுனையில் பஸ் ஸ்டாப், அங்கே கடை. ஏரிப் பக்கம் விவசாயக் குடும்பங்கள். பஸ் ஸ்டாப் பக்கம் டவுன் மில்லுக்கு ஷிப்ட் வேலைக்குப் போய் வருகிறவர்கள். இரண்டு பக்கத்துக்கும் ஆகாது. வாலிபால் மேட்சில் தொடங்கி, பஞ்சாயத்து ரேடியோவின் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும் என்பது வரை தகராறு.

நூலகர் ஆரோக்கியசாமி, வில்லியனூர் பக்கத்து மாதா கோயில் ஊர்க்காரர். தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறார். எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் வேலையாகப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டுவிடுவார். கடைக்காரர் காதர் பாய். நோட்டு, சிலேட்டு, பாடப் புத்தகம் விற்கிற கடை. ஓரமாக ஒரு தட்டில் நாவல்கள். இருவருக்கும் பல வருடப் பழக்கம், அதே அளவு பல வருடச் சண்டை.

"ஓசியில படிச்சா மண்டையில நிக்காது" என்பார் பாய்.

"வெல கொடுத்து வாங்கினவன் பீரோவுல வெச்சுப் பூட்டிடுவான்" என்பார் ஆரோக்கியசாமி.

இருவரிடமும் இரண்டு நாவல்களிலும் பத்துப் பத்துப் பிரதிகள் கொடுத்தேன். ஒன்று 'எட்டாம் மதகு'. ஏரித் தண்ணீரைப் பங்கு போடும் ஒரு கிராமத்துக் கதை. அட்டையில் ஒரு மண்வெட்டி. மற்றது 'இரண்டாவது ஷிப்ட் சங்கு'. மில்லுக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை. அட்டையில் ஒரு டிபன் கேரியர். பெட்டி வைத்தேன். சைக்ளோஸ்டைல் செய்த சீட்டுக் கட்டைக் கொடுத்தேன். விதிமுறைகளை விளக்கினேன். பாய் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. சின்னம் இன்னா?"

"சின்னமா?"

"பெட்டி வெச்சீங்க, சீட்டு குடுத்தீங்க. சின்னம் இல்லாம எவன் ஓட்டு போடுவான்?"

நான் சிரித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். அது தப்பு. பாயிடம் சிரித்துவிட்டு வந்தால் அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு அடித்து, நீலத்தில் கொட்டை எழுத்து: 'உழைப்பவர் சின்னம் டிபன் கேரியர்.' கீழே கேரியர் படம். அடுக்கு நாலு, மேலே கைப்பிடி, எல்லாம் சரியாக இருந்தது.

ஏரிப் பக்கம் ஓடினேன். நூலகத்துக்கு எதிர்ச் சுவரில்: 'சோறு போடும் சின்னம் மண்வெட்டி. சிந்திப்பீர்.'

எனக்குத் தலை சுற்றியது. பேராசிரியர் இதைப் பார்த்தால்? பார்க்க வேண்டாம், கேள்விப்பட்டாலே போதுமே.

"என்ன சார் இது? நீங்க நூலகர். நடுநிலையா இருக்க வேண்டாமா?" என்று ஆரோக்கியசாமியிடம் எகிறினேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "நான் எழுதல மேடம். ஏரிக்கரைக்காரங்க எழுதினாங்க. நான் வந்து…"

"நீங்க?"

"நீலம் கரைச்சிக் குடுத்தேன். எங்கப்பா மண்வெட்டி புடிச்சவரு மேடம்."

பாயிடம் போனேன். அவர் கடை வாசலில் மைக் செட்டுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், இது இலக்கியப் பரிசு."

"தெரியும்மா. அதான் கொடி கட்டல."

"புத்தகத்தை யாராவது படிச்சாங்களா?"

"நம்ம பக்கத்துல எல்லாம் டிபன் கேரியர்தாம்மா. படிச்சாதான் போடணுமா? அது நம்ம புத்தகம் ஆச்சே."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பேராசிரியர் சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்துகொண்டிருந்தது. மைக் செட் மட்டும் வேண்டாம் என்று பாயிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அவர் எனக்காக அந்தத் தியாகத்தைச் செய்தார்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பக்கத்து டீக்கடையில் ஏரிக்கரைக்காரர் ஒருவர், கோவிந்தசாமி என்று பெயர், காதில் பென்சிலோடு ஒரு புத்தகத்தை முறைத்துக்கொண்டிருந்தார். பழுப்பு அட்டை. அப்படியானால் நூலகப் பிரதி. எட்டிப் பார்த்தேன். 'இரண்டாவது ஷிப்ட் சங்கு'.

எனக்கு உயிர் வந்தது. "படிக்கிறீங்களா?"

"படிக்கல. தப்பு தேடிக்கினுகீறேன்."

"தப்பா?"

"பின்ன? அவங்க கேரியரு கேரியருன்னு இன்னாத்துக்கு இப்பிடி ஆடறாங்க? அப்பிடி இன்னாதான் எழுதிக் கீதுன்னு பாக்க வாணாவா? நாளைக்கு வாயத் தொறந்தான்னா, பக்கத்தோட எடுத்து வீச வாணாவா?"

பென்சிலால் எதையோ வட்டம் போட்டார். நூலகப் புத்தகத்தில்! ஆரோக்கியசாமி பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

பஸ் வந்தது. என் பக்கத்து சீட்டில் ஒரு பெண், தனம். மில்லில் இரண்டாவது ஷிப்ட். மடியில் நிஜமான டிபன் கேரியர், அதன்மேல் 'எட்டாம் மதகு'.

"நீங்க மண்வெட்டிக் கட்சியா?" என்றேன்.

"ஐய, நானா? நான் கேரியரு, அக்கா. அந்தாண்ட பக்கத்து ஆளுங்க தண்ணி, நடவு, அறுப்புன்னு பெருசா பீத்திக்கினுகீறாங்களே… நாத்து நடற பொம்பளைக்கு இடுப்பு நோவுமே, அத எழுதிக்கீறானா இந்த ஆளு? எழுதியிருக்க மாட்டான். அதுக்குத்தான் பாத்துக்கினு போறேன்."

அரியாங்குப்பம் வருவதற்குள் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். தவளக்குப்பத்திலேயே என்னை மறந்திருந்தார் என்று நினைக்கிறேன். டவுன் வந்து நான்தான் தட்டி எழுப்பினேன் — தூக்கத்திலிருந்து இல்லை, புத்தகத்திலிருந்து.

நல்லதா கெட்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை. தப்பு தேடிப் படிப்பதைப் படித்த கணக்கில் சேர்க்கலாமா? பேராசிரியர் சேர்ப்பாரா?

கடைசி நாள் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பாய் தன் பெட்டியைக் கொண்டுவந்து நூலக பீரோவில் வைக்க, ஆரோக்கியசாமி பூட்டினார். ஞாயிறு காலை பேராசிரியர் வந்தார். கையில் பூதக்கண்ணாடி, சிவப்புப் பென்சில். ரிட்டயர் ஆகி இத்தனை வருடம் கழித்துப் பேப்பர் திருத்தக் கிடைத்த சந்தோஷம் முகத்திலேயே தெரிந்தது. இரண்டு சுவர்களையும் வரும் வழியில் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"சோறு போடும் சின்னம்" என்று மட்டும் சொன்னார். நான் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தேன்.

ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கத்து ஆட்களும் கூட்டமாக நின்றார்கள். நூலகத்துக்கு அவ்வளவு கூட்டம் வந்தது அதுதான் முதல் தடவை என்றார் ஆரோக்கியசாமி.

முதலில் நூலகப் பெட்டி. ஏரிக்கரைக் கோட்டை. மண்வெட்டிக்குத்தான் விழுந்திருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

முதல் சீட்டு டிபன் கேரியர்.

இரண்டாவது டிபன் கேரியர். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது… நடுவில் ஒரு மண்வெட்டி. மறுபடி கேரியர், கேரியர். ஆரோக்கியசாமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பாய் மீசையைத் தடவினார்.

அடுத்தது கடைப் பெட்டி. மண்வெட்டி. மண்வெட்டி. மண்வெட்டி. பாயின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

அப்போது வெடித்ததுதான் நான் முதலில் சொன்ன சண்டை. பெட்டியை நீ மாற்றினாய், இல்லை நீதான் மாற்றினாய். வெளியே கூட்டமும் சேர்ந்துகொண்டது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்குக் கண் கலங்கியதை மறைக்க விரும்பவில்லை. தோற்பது எனக்குப் பழக்கம்தான், இத்தனை வருடம் பத்தி எழுதுகிறேன். ஆனால் இந்த முறை ஒரு ஊரையே கூட்டிக்கொண்டு போய்த் தோற்கிறேனே என்று இருந்தது.

"சத்தம் போடாதீங்க" என்றார் பேராசிரியர். "பெட்டி மாறினாலும் சீட்டு மாறாது. படிக்காம போட்டது எதுன்னு நான் கண்டுபிடிக்கிறேன்."

சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று சீட்டு சிக்கிவிட்டன. ஒன்றில் 'மண்வெட்டி வாழ்க' என்று மட்டும் இருந்தது. மற்ற இரண்டிலும் ஒரே கையெழுத்தில் 'நல்ல நாவல்'. பெரிதாகச் சிவப்பு அடித்து ஒதுக்கினார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அடுத்த சீட்டைச் சத்தமாகப் படித்தார். நூலகப் பெட்டிச் சீட்டு.

"'அந்தப் பொண்ணு மெஷின் ஓடறப்போ பக்கத்தாளுகிட்ட உதட்டாலயே பேசுறது நிஜம். மில்லுக்குப் போற என் தங்கச்சி வூட்லயும் அப்பிடித்தான் பேசும். திமிருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.'"

பென்சில் அந்தரத்திலேயே நின்றது. சீட்டை வலது பக்கம் வைத்தார். அடுத்தது கடைப் பெட்டி.

"'நாத்து நடறவ இடுப்பு நோவ எழுதியிருக்க மாட்டான்னு நெனச்சேன். நாலு பக்கம் எழுதியிருக்கான். தண்ணி மொறைக்கு எங்கப்பா ஏன் அப்பிடி அடிச்சிக்கினாருன்னு இப்பதான் புரிஞ்சிது. அவரு இருக்கறப்போ தெரியாம போச்சு.'"

இது யாருடைய சீட்டு என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே தனம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு பேராசிரியர் சத்தமாகப் படிக்கவில்லை. ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தடவை, சிலதை மூன்று தடவை, பூதக்கண்ணாடியை வைத்து வைத்துப் படித்தார். டீ வந்து ஆறிப்போனது. வெளியே சண்டையும் ஆறிப்போனது. அவர் எதையாவது கண்டுபிடித்துவிடுவார் என்று நான் பயந்து நிற்க, அவரோ எதுவும் கிடைக்காத எரிச்சலில் இன்னும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஒரு சீட்டில் வந்து நின்றார். அதை என்னிடம் நீட்டினார்.

பென்சில் எழுத்து. 'தப்பு தேடித்தான் படிச்சேன். ஒண்ணே ஒண்ணு கெடச்சிது. அந்தப் பொண்ணு கத முடியற வரைக்கும் ஒரு நாள்கூட உக்காந்து சாப்பிடல. யோசிச்சிப் பாத்தா அது எழுதினவரு தப்பு இல்ல.'

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். காதில் பென்சிலோடு கோவிந்தசாமி நின்றிருந்தார்.

பெட்டி மாறவில்லை. புரிகிறதா? அவரவர் புத்தகத்தை அவரவர் திறக்கவே இல்லை. அதுதான் நம்முடையதாயிற்றே, எங்கே போய்விடும்? எதிராளி புத்தகத்தைத்தான் வரி வரியாகப் படித்தார்கள், குறை சொல்ல. ஓட்டு போட வந்தபோது சீட்டில் ஒரு வரி எழுத வேண்டும். படித்த புத்தகத்தைப் பற்றித்தானே எழுத முடியும்? ஆளாளுக்குத் தனியாக, பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல், எதிர்க்கட்சிக்குப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கடைசிக் கணக்கில் 'எட்டாம் மதகு' நான்கு ஓட்டில் ஜெயித்தது. ஏரிக்கரைக்காரர்கள் கைதட்டினார்கள். அப்புறம்தான் அவர்களுக்கு உறைத்தது, ஜெயிக்க வைத்தவர்கள் பஸ் ஸ்டாப் பக்கத்து மில்காரர்கள் என்று. கைதட்டல் பாதியில் நின்றது. யாரை முறைப்பது, யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் ஒரு ஊரே முழிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். சிரித்து சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

"பாய், நீங்க எதுக்குப் போட்டீங்க?" என்றேன், சும்மா இருக்க முடியாமல்.

பாய் ஆரோக்கியசாமியைப் பார்த்தார். ஆரோக்கியசாமி பீரோவைப் பார்த்தார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

பேராசிரியர் சீட்டுகளையெல்லாம் அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, தன் பையில் வைத்துக்கொண்டார்.

"அது கமிட்டி ஃபைலுக்கு ஐயா."

"தெரியும். வீட்ல போய் இன்னொரு தடவ பாக்கணும். ஏதாவது விட்டுப்போயிருக்கும்."

"அடுத்த வருஷம்?"

கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு மறுபடி மாட்டினார்.

"மண்ணாடிப்பட்டுலயும் பெட்டி வைங்க. வில்லியனூர்லயும் வைங்க. ஆனா எனக்கு இன்னும் நம்பிக்கை வரல. அதனால நான்தான் வந்து பாப்பேன், ஒவ்வொரு சீட்டையும்."

அவருக்கு என்றைக்கும் நம்பிக்கை வராமல் இருக்க வேண்டும். அதுதான் இப்போது என் பிரார்த்தனை.

இதை எழுதி முடிக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அரியாங்குப்பம் அன்பரே, வாரா வாரம் என்னைக் கடைசி வரி வரை படிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான், இல்லையா? இந்தாருங்கள், கடைசி வரி: உங்கள் கார்டுக்காகக் காத்திருக்கிறேன்.